எவிக்‌ஷனுக்குப் பிறகு அமெரிக்காவில் வீடு தேடுவது: எந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்?

எவிக்‌ஷன் (வீட்டுக்காரர் கோர்ட் மூலம் காலி செய்ய வைப்பது) ஆனாலே கிரெடிட் ஸ்கோர் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகளும் தரும் கிரெடிட் ரிப்போர்ட்டில் எவிக்‌ஷன் என்று ஒரு வரிகூட வராது. பாக்கியைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்புகள் முன்பு வந்துகொண்டிருந்தன. 2017 ஜூலையிலிருந்து அவற்றையும் நீக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்கோரை இறக்குவது வாடகை பாக்கி. அது கலெக்‌ஷன் ஏஜென்சி (பாக்கி வசூலிக்கும் கம்பெனி) கைக்குப் போனால், அந்தக் கணக்கு சுமார் 7 வருஷம் ரிப்போர்ட்டில் நிற்கும்.

கதவைச் சாத்துவது வேறொரு ரிப்போர்ட்: டெனன்ட் ஸ்கிரீனிங் ரிப்போர்ட், அதாவது வாடகைக்கு வருபவரின் பின்னணியை வீட்டுக்காரருக்குச் சொல்வது. கோர்ட் பதிவுகளை வாரி எடுத்து இதைத் தயாரிக்கத் தனி கம்பெனிகள் இருக்கின்றன. வழக்கு எண், வாதி, பிரதிவாதி, தாக்கல் தேதி, தொகை, கடைசியில் முடிவு. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கும். ரிப்போர்ட்டில் இன்னும் "தாக்கல்" என்றே இருக்கும். தாக்கலான அன்று பதிவை எடுத்த கம்பெனி, முடிவைப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வரி போதும், அப்ளிகேஷனை ஒதுக்கி வைத்துவிடுவார்.

பெயர்க் குழப்பமும் சின்ன விஷயமல்ல. எவிக்‌ஷன் பதிவுகளில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருப்பதில்லை, பிறந்த தேதியும் பெரும்பாலும் இருக்காது. பெயரை வைத்தே பொருத்துகிறார்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடும் நம்மவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஒரே ஊரில் எத்தனை குமார் இருப்பார்கள்! லீஸில், பாஸ்போர்ட்டில், அப்ளிகேஷனில் பெயரை எழுத்து மாறாமல் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டைப் பார்த்து வீடு மறுக்கப்பட்டால், அதைத் தந்த கம்பெனியின் பெயரையும் முகவரியையும் வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெடரல் சட்டம் அது. 60 நாளுக்குள் கேட்டால் ரிப்போர்ட் இலவசம். தப்பு இருந்தால், வழக்கின் முடிவைக் காட்டும் நகலை கோர்ட் கிளார்க்கிடம் வாங்கி இணைத்து, அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். போனில் பேசினால் கையில் ஆதாரம் மிஞ்சாது.

அடுத்தது பாக்கி. ஏஜென்சியின் முதல் கடிதம் வந்த 30 நாளுக்குள் "கணக்கைக் காட்டு" என்று எழுத்தில் கேட்டால், காட்டும்வரை வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். கணக்கு வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். டெபாசிட்டைக் கழித்திருக்கிறார்களா? பழைய கார்ப்பெட்டுக்குப் புது கார்ப்பெட் விலை போட்டிருக்கிறார்களா? வேறு ஆள் குடிவந்த பிறகும் உங்கள் பெயரில் வாடகை ஓடுகிறதா? கட்டுவதற்கு முன், இந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். கட்டி முடித்த கலெக்‌ஷனை ஃபைக்கோ 9 (கிரெடிட் ஸ்கோர் போடும் ஒரு முறை) கணக்கில் எடுக்காது, இன்னும் பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ 8 எடுக்கும். அதனால் ஸ்கோர் உடனே ஏறாமல் போகலாம். ஆனால் புது வீட்டுக்காரர் பார்ப்பது பாக்கி பூஜ்யமா என்றுதான். தீர்ப்பு ஆகியிருந்தால், பணம் கட்டியாகிவிட்டது என்பதைக் கோர்ட்டிலும் பதியச் சொல்லுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறதென்றால் அதுதான் பேரம் பேச நல்ல நேரம். இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன், வழக்கைத் தள்ளுபடி செய்து பதிவை மூட ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கலிஃபோர்னியாவில், தாக்கலாகி 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயிக்காவிட்டால் பொதுவாகப் பதிவு வெளியே தெரியாது. நியூயார்க்கில் பழைய வழக்கைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 2019-இல் சட்டம் வந்தது.

கூடுதல் டெபாசிட் தருகிறேன் என்று சொல்வது எல்லா இடத்திலும் செல்லாது. நியூயார்க்கில் ஒரு மாத வாடகைதான் உச்சவரம்பு. எவிக்‌ஷனுக்குப் பிறகு ஒழுங்காக வாடகை கட்டியதைக் காட்டும் 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட் அதைவிடப் பலன் தரும். அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டும் முன், எத்தனை வருஷப் பழைய எவிக்‌ஷன் வரை பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். டெக்சாஸில், யாருக்கு வீடு தருவோம் என்ற விதிகளை அப்ளிகேஷனோடு எழுத்தில் தர வேண்டும். தராமல் நிராகரித்தால் ஃபீஸைத் திருப்பிக் கேட்கலாம்.