சஸ்பென்ஷன் தண்டனை இல்லப்பா

இந்த வாக்கியத்தை என் சர்வீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு முகம் செத்துப்போய் ஒருத்தர் நிற்பார். நான் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, "சஸ்பென்ஷன் தண்டனை இல்லப்பா" என்பேன். சட்டப்படி சரியான வாக்கியம்தான். கோர்ட் தீர்ப்புகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். விசாரணைக்கு இடைஞ்சல் வராமல் ஆளைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான், குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. 2023 ஜூன் 30ஆம் தேதி காலை வரை அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

முந்தின நாள் பக்ரீத் விடுமுறை. அன்று சாயங்காலம், அமலாக்கத் துறை கைது செய்து காவலில் இருந்த அமைச்சர் செந்தில் பாலாஜியை அமைச்சரவையிலிருந்து நீக்குவதாக ஆளுநர் மாளிகையிலிருந்து அறிவிப்பு வந்தது, நள்ளிரவுக்குள் அதை நிறுத்தி வைப்பதாக இன்னொரு கடிதமும் வந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆபீஸில் யாரும் ஃபைலைத் தொடவில்லை. மாதக் கடைசி, பில் வேலை எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, பேச்சுதான் வேலை. அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம், அங்கேயும் அப்படித்தான் கூப்பிடுவேன். இளநிலை உதவியாளர், சஸ்பென்ஷனில் இரண்டாவது மாதம். சஸ்பென்ஷன் காலத்தில் கொடுக்கிற பிழைப்பூதியம் வேண்டுமென்றால் வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டுமே, அதைக் கொடுக்க வந்திருந்தான்.

பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். "சார், ஒண்ணு கேக்கலாமா" என்றான். கேளு என்றேன்.

"அவரு கஸ்டடில இருந்துகிட்டே மந்திரி. நான் வீட்ல இருந்துகிட்டே சஸ்பெண்ட். என்ன சார் கணக்கு இது?"

பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, பதில் சொல்லும் இடத்தில் இருந்தேன். "மந்திரி அரசு ஊழியர் இல்லப்பா, டிசிப்ளின் ரூல்ஸ் அவருக்குக் கிடையாது, அது அரசியல் சட்டம்" என்று ஆரம்பித்து, வழக்கம்போல "அதோட சஸ்பென்ஷன் தண்டனை இல்லப்பா" என்று முடித்தேன்.

"அப்ப அவருக்கும் குடுக்கலாமே சார். தண்டனைதான் இல்லையே."

குத்தலாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பவன் மாதிரிதான் கேட்டான். நான் அவன் கொடுத்த சான்றில் தேதி போட்டிருக்கிறானா என்று பார்த்தேன். போட்டிருந்தான். இனிஷியல் போட்டு உள்ளே வைத்தேன். அவன் போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க மனதுக்குள் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ரிடையரும் ஆகிவிட்டேன், இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் பதில், சட்டத்தில் இருக்கிற வித்தியாசம். எங்கள் விதிகளில் 17 பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, 17 ஈ என்றால் சஸ்பென்ஷன். அரசு ஊழியர் எவரும் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் யாரும் யோசிக்கவே வேண்டாம், விதியே அவரை சஸ்பெண்ட் செய்துவிடும். எந்த வழக்கு என்றுகூடப் பார்க்காது. அமைச்சருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விழுந்தால் எம்எல்ஏ, எம்பி பதவி உடனே போகும் என்று 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது தண்டனைக்குப் பிறகான விஷயம். குற்றச்சாட்டு மட்டும் இருக்கும்போது யாரை அமைச்சராக வைத்துக்கொள்வது என்பதைப் பிரதமரும் முதல்வரும் தங்கள் விவேகத்தால் தீர்மானிக்கட்டும் என்று அடுத்த வருஷமே மனோஜ் நருலா வழக்கில் விட்டுவிட்டார்கள். ஆக, எங்களுக்கு விதி, அவர்களுக்கு விவேகம். தம்பியிடம் இதை இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அமைச்சருக்கு நடுவில் ஒரு நிலை கிடையாது. உள்ளே இருக்கிறார், இல்லாவிட்டால் வெளியே. எங்களுக்காவது பாதிச் சம்பள அளவில் பிழைப்பூதியம் உண்டு, சஸ்பென்ஷனை ரத்து செய்து திரும்ப எடுத்துக்கொள்ள ஓர் ஆர்டர் உண்டு. ராஜினாமா செய்த அமைச்சரைத் திரும்ப எடுக்க எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்தாது. செந்தில் பாலாஜியை இலாகா இல்லாத அமைச்சர் என்று வைத்தார்களே, அது அந்த நடு நிலையை உண்டாக்கப் பார்த்த மாதிரிதான் எனக்குப் பட்டது. எங்கள் பாஷையில் கட்டாயக் காத்திருப்பு, பதவியில் இருப்பார், சீட் இருக்காது. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படி ஒருவரை வைத்திருப்பதில் தார்மீக நியாயம் இல்லை என்கிற தொனியில் பேசிவிட்டு, முடிவை முதல்வருக்கே விட்டது. மறுபடியும் விவேகம்.

சரி, அவர் போயிருக்க வேண்டுமா? நான் போயிருக்க வேண்டும் என்கிற கட்சிதான். குற்றவாளி என்பதால் இல்லை, அது எனக்குத் தெரியாது, வழக்கு நடக்கிறது. போக்குவரத்துத் துறையில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் சாட்சி சொல்ல வருபவர்களில் அரசு ஊழியர் இருப்பார், அதிகாரி இருப்பார். அமைச்சர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அவர்கள் எப்படிக் கூண்டில் ஏறுவார்கள்? 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்த மூன்றாம் நாள் அவர் மறுபடியும் அமைச்சரானபோது உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது இதற்காகத்தான். பதவியா, வெளியில் இருப்பதா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், 2025 ஏப்ரல் கடைசியில் இரண்டாவது முறையாக ராஜினாமா செய்தார். ஆளைத் தள்ளி வைப்பது சாட்சிக்காகத்தான், தண்டிப்பதற்காக இல்லை. நான் சர்வீஸ் முழுக்கச் சொன்னதும் இதுதானே.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது அரியலூரை இழுப்பார்கள். 1956இல் ரயில் கவிழ்ந்தது, லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார், அந்தக் காலம் போல வருமா என்று. அது வேறு கதை. சாஸ்திரி மேல் யாரும் கைநீட்டவில்லை. பழி இல்லாதவன் பொறுப்பேற்று விலகுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழி சுமத்தப்பட்டவன் விலகினால் ஊர் அதை ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் படிக்கும்.

2ஜி வழக்கில் ஆ. ராசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 நவம்பரில் ராஜினாமா, 2011 பிப்ரவரியில் கைது, பதினைந்து மாதம் திகார். 2017 டிசம்பர் 21ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. அதன்மேல் சிபிஐ செய்த அப்பீல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நடுவில் அந்த ஏழு வருஷம் என்ன கணக்கில் சேரும்? எங்களிடம் என்றால் 'சஸ்பென்ஷன் காலம் பணிக்காலமாகக் கருதப்படுகிறது' என்று ஒரு வரி போட்டு அரியர் கொடுத்துவிடுவோம். அத்வானிக்கு அவ்வளவு நஷ்டமில்லை. 1996 ஜனவரியில் ஹவாலா வழக்கில் பெயர் வந்ததும் எம்பி பதவியை விட்டார், அந்தத் தேர்தலில் நிற்கவில்லை, அடுத்த வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது, 1998இல் உள்துறை அமைச்சர். திரும்பி வர இடம் வைத்திருந்தவர் கொஞ்சம் தைரியமாகவே விலகலாம். தம்பி மாதிரி ஆட்களுக்கு யார் இடம் வைத்திருப்பார்கள்?

நிரூபணம் வரட்டும், அப்புறம் விலகட்டும் என்பவர்களிடம் எந்த நிரூபணம் என்று கேட்கத் தோன்றும். ஜெயலலிதா 2014 செப்டம்பரில் பெங்களூரில் குற்றவாளி, 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நிரபராதி, மறுபடியும் முதல்வர். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பே சரி என்றபோது அவர் உயிரோடு இல்லை. இதில் எந்தத் தேதியில் நிரூபணமானது என்று எழுதுவது? ஃபைலில் தேதி இல்லாமல் ஒன்றும் நகராது.

சரி, சுற்றிச் சுற்றி மந்திரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தம்பியை நான் ஏன் தள்ளிப்போடுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

அவன் கைது ஆகவில்லை. 48 மணி நேர விதி அவனுக்கு வரவே இல்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு அம்மா மனு கொடுத்தார், ஒரு சான்றிதழுக்கு மூவாயிரம் கேட்டு வாங்கினான் என்று. கூடவே ஒரு வீடியோ, பதினைந்து இருபது செகண்ட் இருக்கும், அவன் ஒரு கவரை வாங்கி டிராயரில் வைப்பது மாதிரி. கவரில் என்ன இருந்தது என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை காலைக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடிவிட்டது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "சாயங்காலத்துக்குள்ள நோட் போட்டு அனுப்புங்க, என்ன பண்ணலாம்னு நீங்களே எழுதுங்க" என்றார்.

நீங்களே எழுதுங்க. இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வழி இருந்தது. வேறு பிரிவுக்கோ வேறு ஊருக்கோ மாற்றிவிட்டு விசாரணை நடத்தலாம். இல்லாவிட்டால் கடுமையான குற்றச்சாட்டு பற்றிய விசாரணை எதிர்நோக்கப்படுகிறது என்று எழுதி 17 ஈயில் சஸ்பெண்ட் செய்யலாம். நான் இரண்டாவதை எழுதினேன். பொது நலன் கருதி, சாட்சிகளைக் கலைக்க வாய்ப்புள்ளதால், இப்படி எப்போதும் எழுதுகிற வரிகள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாட்சி யார்? அந்த அம்மா ஒருத்தர்தான். ஒரு இளநிலை உதவியாளர் அவரை என்ன கலைத்துவிடப் போகிறான்? உண்மையைச் சொன்னால் நான் பயந்தது அந்த வீடியோவுக்கு. நாளைக்குப் பத்திரிகையில் வந்து, ஏன் நடவடிக்கை இல்லை என்று மேலேயிருந்து கேட்டால் என் நோட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். இதே பயம்தான் ஒரு கட்சித் தலைமைக்கும் இருக்கும், அமைச்சரைப் போகச் சொல்வதில் பாதி அதுதான். அதை நாம் தார்மீகம் என்கிறோம்.

ஆனால் வீடியோவைப் பார்த்தவர்கள் அடுத்த நாளும் அதே டிராயர் முன்னால் வந்து நிற்க வேண்டுமே, அவர்களுக்கு என்ன சொல்வது? இதையும் யோசித்தேன். யோசித்துத்தான் எழுதினேன் என்று ஒரு நாள் நினைப்பேன், எழுதிவிட்டு அப்புறம் யோசித்தேன் என்று இன்னொரு நாள் தோன்றும்.

பத்து மாதம் கழித்து சஸ்பென்ஷன் ரத்தாகி வேறு ஊரில் சேர்ந்தான். விசாரணைக்கு அந்த அம்மா இரண்டு வாய்தாவுக்கும் வரவில்லை. விசாரணை அலுவலர் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினார். பொய் என்று எழுதவில்லை. வாங்கினானா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அரியர் வந்துவிட்டது. ஆனால் நடுவில் உதவியாளர் பதவி உயர்வுக்கான பேனல் போனது, 17 பி நிலுவையில் இருந்ததால் அவன் பெயர் அதில் இல்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் இப்போது அவனுக்கு மேலே. தண்டனை இல்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு அரசியல் சட்டத் திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ 31ஆம் நாள் பதவி இழப்பார். கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். படித்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, எங்களுக்கு 48 மணி நேரம், அவர்களுக்கு 30 நாள். தம்பி கேட்டது நடந்துவிட்டதே என்றுகூட நினைத்தேன். அடுத்த நாளே பிடிக்காமல் போய்விட்டது. கைது செய்வது யார்? அமலாக்கத் துறை யார் கையில்? பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், 30 நாள் அதில் ஒன்றுமே இல்லை. யார் கையில் கைது செய்கிற அதிகாரம் இருக்கிறதோ அவர் கையில் ராஜினாமாவும் போய்விடும். எங்கள் ஆபீஸில் அந்த வீடியோவை எடுத்தது யார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அந்த சீட்டுக்கு ஆசைப்பட்டவர். ஊகம்தான், அதை வைத்து யாரையும் சஸ்பெண்ட் செய்ய முடியாது.

ஆக அமைச்சர் தானாகப் போக வேண்டும், சட்டம் தள்ளக் கூடாது என்று முடிவுக்கு வருவேன். உடனே, தம்பிக்கு மட்டும் தானாகப் போகிற வசதி எங்கே இருந்தது, நான்தானே தள்ளினேன் என்று தோன்றும்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். "மந்திரி மறுபடியும் ராஜினாமா பண்ணிட்டாரு பாத்தீங்களா சார்" என்றான். பார்த்தேன்பா என்றேன். உன் விஷயத்தில் ஆபீசர் அவசரப்பட்டுவிட்டார் என்று, கேட்காமலே, சொல்லி வைத்தேன். முன்பும் இரண்டு மூன்று தடவை அவனிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆர்டிஐல நோட் ஃபைல் காப்பி வாங்கினேன் சார், போன வருஷம்" என்றான். என் கையெழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும், நாலு வருஷம் என் சீட்டுக்கு எதிரில் உட்கார்ந்தவன்.

"பந்தி போட்டுட்டாங்க, சாப்டலாம் வாங்க சார்" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.