இலவசப் பாடத்தொகுப்பில் விடுபடும் பக்கம்

பதிப்புரிமை பற்றிச் சொல்லித்தர இலவசப் பாடத்தொகுப்பு ஒன்று பள்ளிக்கு வந்தால், முதலில் புரட்ட வேண்டியது கடைசிப் பக்கத்தை. பணம் கொடுத்தது யார் என்பது பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும்.

இத்தகைய தொகுப்புகளில் அப்பட்டமான பொய் குறைவு. விட்டுவிட்டதில்தான் கோளாறு. 2013இல் கலிஃபோர்னியாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பாடத்திட்டம் வரைவானது. பின்னணியில் இருந்தது, திரைப்பட, இசைத்துறைச் சங்கங்களும் பெரிய இணையச் சேவை நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த பதிப்புரிமைத் தகவல் மையம். நியாயமான பயன்பாடு, அதாவது சில தேவைகளுக்கு அனுமதி கேட்காமலே ஒரு படைப்பை எடுத்தாளச் சட்டம் தரும் இடம், அதில் இடம்பெறவில்லை என்பதே அதன்மீது எழுந்த முக்கிய விமர்சனம். கனடாவில், நியாயமான கையாளுகை (இதற்கு இணையான அந்நாட்டு விதி) பயனாளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லியிருந்தது. இரண்டே ஆண்டில், உரிமத்தொகை வசூலிக்கும் ‘ஆக்சஸ் காப்பிரைட்’ அமைப்பு ‘கேப்டன் காப்பிரைட்’ என்ற படக்கதை நாயகனைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நூலகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2007இல் அவன் திரும்பப் பெறப்பட்டான்.

சோதிக்கும் வழி எளிது. பயிற்சித்தாளை எடுத்து விடைகளை எண்ணுங்கள். ‘அனுமதி கேள்’ என்பது எத்தனைக்கு விடை? ‘கேட்கத் தேவையில்லை’ என்பது எத்தனைக்கு? இரண்டாவது பூஜ்யம் என்றால் அது சட்டப் பாடம் அல்ல, துறையின் விளம்பரம். அடுத்து ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்ற சொற்களை வட்டமிடுங்கள். ‘நகலெடுப்பது திருட்டு’ என்ற வரி இருந்தால் அதையும். பதிப்புரிமை மீறலைத் திருட்டோடு எளிதில் சமப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இலேயே டௌலிங் வழக்கில் சொல்லிவிட்டது.

தொகுப்பை அப்படியே தூக்கிப் போட வேண்டாம். எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால் போதும். அமெரிக்க வகுப்புக்கு இவை நன்றாகப் பொருந்தும்: நாசா எடுத்த கோள் படம் (கூட்டாட்சி அரசின் படைப்புக்கு அங்கே பதிப்புரிமை இல்லை), வெளியாகி 95 ஆண்டு கடந்த கதைப் புத்தகம், மதிப்புரையில் மேற்கோள் காட்டும் இரண்டு வரி, முறையாக வாங்கிய படத்தை ஆசிரியர் வகுப்பறையில் பாடத்துக்காகத் திரையிடுவது. கூடவே, முழுப் பாட்டையும் பின்னணியில் ஓடவிட்டு இணையத்தில் ஏற்றும் காணொளி. இந்தக் கடைசி ஒன்றுக்கு அனுமதி தேவைப்படலாம் என்பதையும் மறைக்கக் கூடாது.

அடிக்கடி சறுக்கும் இடம், நியாயமான பயன்பாட்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்வது. பிள்ளைகள் அதைச் சட்டத்தின் ஓட்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். உடனே வரும் கேள்வி: “எத்தனை நொடி எடுக்கலாம்?” முப்பது நொடி என்று பதில் சொல்லும் பெரியவர்கள் உண்டு, அது தவறு. நியாயமான பயன்பாட்டைச் சொல்லும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் நொடிக்கணக்கு கிடையாது. நோக்கம், மூலப்படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்பது தொகுப்பு தயாரிப்பவர்களின் வசதியான நம்பிக்கை. ‘எதற்கு எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அவருக்கு நஷ்டமா?’ என்று கேட்டுப் பாருங்கள், நன்றாகவே வாதிடுவார்கள்.

இன்னொரு குழப்பம் பெயர் குறிப்பிடுவது. மூலத்தைச் சொல்வது நேர்மை. அதனால் மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. பதிப்புரிமை முடிந்த நூலுக்கும் மூலம் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பயிற்சித்தாளில் பிரித்து வையுங்கள்.

திருத்திய தொகுப்பை அலமாரியில் வைக்கும்போது, நிதி தந்தவரின் பெயரையும் நீங்கள் சேர்த்த எடுத்துக்காட்டுகளையும் மேலட்டையில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு ஆசிரியர் அதைத்தான் எடுப்பார்.