வெங்காய மண்டியில் மாலத்தீவு

2024 ஏப்ரலில் ஒரு காலை, மதுரை கீழமாரட் வீதி வெங்காய மண்டி ஒன்றில் ஐந்து கிலோ பல்லாரி நிறுக்கச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். தட்டில் சரிந்த காய்களிலிருந்து அழுகலைப் பொறுக்கி ஒதுக்கியபடியே மண்டிக்காரர், "ஏற்றுமதிக்குத் தடைன்னாங்க, மாலத்தீவுக்கு மட்டும் எப்படிண்ணே போகுது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 2023 டிசம்பரிலேயே இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. ஆனால் 1981ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டின்படி மாலத்தீவுக்கு அத்தியாவசியப் பொருள்கள் அனுப்பத் தனி ஒதுக்கீடு உண்டு. 2024-25க்கு வெங்காயம் 35,749 டன், முட்டை 42.75 கோடி என்று அதுவரை இல்லாத அளவில் அது அறிவிக்கப்பட்டது. 5 லட்சத்துச் சொச்சம் பேர், அதாவது நம் மதுரை மாநகராட்சியின் மக்கள்தொகையில் பாதிகூடத் தேறாதவர்கள் வாழும் நாட்டுக்குத் தலைக்கு 800 முட்டைக்கு மேல் வருகிறது. (விடுதிகளில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் ஆம்லெட்டும் இதில்தான் அடக்கம்.)

அறிவிப்பு வந்த வேளைதான் என்னை யோசிக்க வைத்தது. 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தோடு 2023இல் மாலத்தீவு அதிபரான முகமது முய்சு, அங்கிருந்த இந்தியப் படையினரை மே 10க்குள் திருப்பி அனுப்பக் கெடு வைத்திருந்தார். பிரதமர் மோடியை இழிவாக எழுதிய மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூவர் ஜனவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். மாலத்தீவுக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்ற குரல் இங்கே ஓங்கியிருந்தது. அப்போதும் ஒதுக்கீட்டில் கை வைக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். வெங்காயம் விளையாத தீவுகளின் அடுப்படியில் நாம் விட்ட இடத்தை வேறொரு பெரிய நாடு பிடித்துக்கொள்ளும் என்பது டெல்லிக்குத் தெரியும். அதே முய்சு அக்டோபரில் டெல்லிக்கு வந்து, 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு (தங்கள் நாணயத்தை ஈடாகக் கொடுத்து டாலரும் ரூபாயும் பெறும் வசதி) பெற்றுச் சென்றார். 2025 ஜூலையில் அவர்களது 60ஆம் சுதந்திர நாளுக்கு மோடியே சிறப்பு விருந்தினர்.

அந்த 2024-25 ஒதுக்கீட்டுப் பட்டியலில் எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்று: ஆற்று மணல் 10 லட்சம் டன். உரிய அனுமதி பெற்று அள்ளிய மணலைத்தான் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது, வைகை மணல் போகிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் வைகையின் குறுக்கே உள்ள ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று கீழே பார்க்கிறவனுக்கு, வெங்காயத்தைக் கொடுப்பதும் மணலைக் கொடுப்பதும் ஒன்றாகத் தோன்றுவதில்லை. வெங்காயம் அடுத்த போகத்தில் மறுபடி விளைந்துவிடும்.