தேசிய முகாமுக்கு நடுவே பள்ளி லீக்: ஃபிக்சர் போட்ட அனுபவம்

பத்துப் பள்ளிகள், ஒரு கூடைப்பந்து லீக், ஒவ்வொரு பள்ளியும் மற்ற எல்லாப் பள்ளிகளுடனும் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் 45 ஆட்டங்கள், 9 சுற்றுகள். பரீட்சை எப்போது, மைதானம் எப்போது கிடைக்கும், நடுவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் அட்டவணை போட்டுவிடலாம். அதில் மூன்று பள்ளிகளின் முக்கியமான பையன்களைத் தேசிய ஜூனியர் முகாமுக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி வரும்போதுதான் தலைவலி ஆரம்பம். லீக் குழுவில் ஃபிக்சர், அதாவது ஆட்ட அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்த ஆண்டு அப்படித்தான் இருந்தது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் உட்கார்ந்து பார்த்தது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் காலண்டரை. வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இரட்டைப்படை ஆண்டுகளில் வரும், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். ஆண்கள் பிரிவில் இரண்டுமே பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் வாரத்தில் முடிபவை. 2024-இல் இஸ்தான்புல், 2025-இல் லொசான். இந்தத் தேதிகளால் பெரும்பாலான பள்ளி லீக்குகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. தொல்லை வருவது அதற்குத் தகுதி பெற ஆடும் கண்ட அளவிலான போட்டிகளால்தான். ஐரோப்பாவில் 16, 18 வயதுப் பிரிவுகளை வருடாவருடம் நடத்துகிறார்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குள் அடக்கிவிடுகிறார்கள். ஆசியாவில் ஆண்களுக்கான 16 வயதுப் போட்டி 2023-இல் தோஹாவில் செப்டம்பரில் நடந்தது, 18 வயதுப் போட்டி 2024-இல் அம்மானில் செப்டம்பரில் நடந்தது. அதே 2024-இல் பெண்களுக்கான 18 வயதுப் போட்டி ஜூன் மாதம். ஆகவே பையன்கள் லீக்குக்குப் போட்ட திட்டத்தை அப்படியே பெண்கள் லீக்குக்கு நகலெடுக்க முடியாது. குழுவில் சிலர் கடைசிவரை அப்படி நகலெடுக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் போட்டித் தேதி தெரிந்தால் மட்டும் போதாது. போட்டி என்பது ஒரு வாரம், மிஞ்சினால் ஒன்பது நாள். பிள்ளைகளை விழுங்குவது முகாம். முதல் முகாமுக்கு ஒரு கூட்டத்தையே கூப்பிடுவார்கள். அதில் பாதிப் பேரைக் கழிப்பார்கள். மறுபடி ஒரு முகாம், இடையில் பயிற்சி ஆட்டங்கள், கடைசியில் 12 பேர். அதன் பிறகு பயணம், போட்டி, திரும்பி வருவது. பன்னிரண்டு பேரில் ஒருவனாகத் தேறுகிறவனை மனதில் வைத்து ஃபிக்சர் போட்டால், முதல் முகாமோடு திரும்புகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அவர்கள்தான் அதிகம். போட்டித் தேதியை ஓரமாக வைத்துவிட்டு முகாம் தேதியைச் சுற்றி வேலையைத் தொடங்குங்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் நான் சொல்லக்கூடியது.

யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை ஓரளவுக்கு நாமே ஊகிக்கலாம். ஃபிபாவின் வயது வரம்பு பிறந்த ஆண்டை வைத்தது. 2024-இன் 18 வயதுப் போட்டிக்கு 2006 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளி லீக்குகள் பெரும்பாலும் கல்வியாண்டை வைத்து வயதைக் கணக்கிடும். இரண்டு வரம்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பள்ளிகள் அனுப்பிய பதிவுப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆண்டுப் போட்டிக்குத் தகுதி உண்டா என்று பென்சிலால் குறித்தேன். பிறகு பயிற்சியாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். யார் முகாமுக்குப் போவான் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெயர்களை நிச்சயம், அநேகமாக, சந்தேகம் என்று பிரித்ததும் மூன்று பள்ளிகள் மேலே வந்து நின்றன. கூடைப்பந்துச் சங்கத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருவதற்கு முன்பே இது முடிந்துவிட்டது. வந்த பதிலிலும் ஆட்டக்காரர்கள் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரிதான் இருந்தது.

அடுத்தது கூட்டம். எல்லாப் பள்ளிப் பயிற்சியாளர்களும் ஒரே அறையில். முகாம் முடியும்வரை லீக்கையே நிறுத்தி வைக்கலாம் என்றது ஒரு தரப்பு. நிறுத்தினால் கடைசிச் சுற்றுகள் பரீட்சைக்குள் போய் விழும் என்றது இன்னொரு தரப்பு. யார் போனாலும் போகட்டும், ஆட்டம் நடக்கட்டும், லீக் என்பது பள்ளிக்குத்தானே தவிர ஒரு பையனுக்கு அல்ல என்றார் மூத்த பயிற்சியாளர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் பள்ளியில் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருந்தவருடைய அணியில் மொத்தமே ஏழு பேர். அதில் இரண்டு பேர் முகாமுக்குப் போனால் களத்தில் ஐந்து பேர், மாற்று ஆள் யாரும் கிடையாது. ஒருவன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனால் நான்கு பேரை வைத்து ஆட வேண்டும். அந்த ஐந்து பேரிலும் ஒருவனுக்கு அன்று காய்ச்சல் வந்து, அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் தேறவில்லை என்றால் ஆட்டமே போய்விடும். விதிப்படி எதிரணிக்கு 20-0 வெற்றி, இவர்களுக்குப் பட்டியலில் பூஜ்யம்.

அதனால் ஒரு வரம்பு வைத்தோம். ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேரோ அதற்கு மேலோ முகாமுக்குப் போனால், ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்பது அந்தப் பள்ளியின் உரிமை. ஒருவன் மட்டும் போனால் எதிர்ப் பள்ளியும் சம்மதிக்க வேண்டும். கோரிக்கை எழுத்தில் வர வேண்டும், முகாம் அழைப்புக் கடிதத்தின் நகலோடு. தேசிய அழைப்பால் அணி இறங்க முடியாமல் போனால் அது வாக்ஓவர் (ஆடாமலே எதிரணிக்குப் போகும் வெற்றி) ஆகாது என்பதையும் விதிப் புத்தகத்தில் தனி வரியாகச் சேர்த்தோம். இரண்டு என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒன்று என்று வைத்தால் எல்லோரும் கேட்பார்கள், மூன்று என்று வைத்தால் ஏழு பேர் அணி செத்துவிடும்.

இனி ஃபிக்சர். ரவுண்ட் ராபின், அதாவது எல்லோரும் எல்லோருடனும் ஆடும் அட்டவணை போடுகிறவர்களுக்குத் தெரிந்த முறைதான்: ஒரு பள்ளியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மற்ற ஒன்பதையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடம் நகர்த்திக்கொண்டே போவது. சுற்றுகள் எந்த வரிசையில் வெளியே வருகின்றனவோ அதே வரிசையில் ஆட வேண்டும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஏழாவது சுற்றை முதலில் ஆடினாலும் யாருக்கும் நஷ்டம் கிடையாது. எனவே பாதிக்கப்படும் மூன்று பள்ளிகளும் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களை முதலில் தேடிப் பிடித்தேன். மூன்று பள்ளிகள் என்றால் மூன்று ஆட்டங்கள். எந்த இரண்டு ஆட்டத்தை எடுத்தாலும் ஒரு பள்ளி பொதுவாக இருக்கும் என்பதால் அவை கட்டாயம் மூன்று வெவ்வேறு சுற்றுகளில்தான் வரும். அந்த மூன்று சுற்றுகளையும் தூக்கி சீசனின் முதல் மூன்று வாரங்களில் வைத்தேன். தள்ளிவைத்தால் இரண்டு பக்கமும் ஆள் இல்லாத ஆட்டங்கள் அவைதான். அவை முதலிலேயே முடிந்துவிட்டால் பாதி முடிச்சு அவிழ்ந்தது போல.

மீதியைக் காகிதத்தில் எண்ணிப் பார்த்தால் மனசுக்குத் தெம்பு வரும். மூன்று பள்ளிகளும் மற்ற ஏழு பள்ளிகளுடன் ஆட வேண்டியவை 21. அந்த ஏழு பள்ளிகளும் தங்களுக்குள் ஆட வேண்டியவை இன்னொரு 21. தங்களுக்குள் மூன்று. ஆக 45. அதாவது அந்த மூன்று பள்ளிகளைத் தொடாமல் ஆடக்கூடிய ஆட்டங்கள் 21 இருக்கின்றன. முதல் மூன்று சுற்றுகளில் 9 முடிந்துவிட்டாலும் முகாம் நாட்களுக்கு 12 மிஞ்சும். லீக்கை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. முகாம் வாரங்களில் ஏழு பள்ளிகளும் ஓடின. ஒவ்வொரு வாரமும் மூன்று ஆட்டங்கள், ஒரு பள்ளிக்கு ஓய்வு. மூன்று பள்ளிகளுக்கும் முன்னும் பின்னும் ஆட்டங்கள்.

ஆனால் புள்ளிப் பட்டியலில் ஒரு வேடிக்கை நடந்தது. ஃபிபா முறையில் வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1 புள்ளி. எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருந்தால் இதில் குழப்பம் இல்லை. முகாமின் நடுவில் ஒரு பள்ளி ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்று 5 புள்ளியோடு நின்றது. இன்னொரு பள்ளி இரண்டே ஆட்டம் ஆடி இரண்டிலும் வென்று 4 புள்ளியோடு அதற்குக் கீழே. சுவரில் ஒட்டிய அன்று மாலையே பெற்றோர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. அடுத்த வாரத்திலிருந்து ஆடியவை, வென்றவை, தோற்றவை என்று மட்டும் ஒட்டினோம். புள்ளிகளை எல்லோரும் சமமாக ஆடி முடித்த பிறகுதான் போட்டோம். நேருக்கு நேர் முடிவுகளைத் தனித் தாளில் வைத்திருந்தது கடைசியில் கைகொடுத்தது. புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அதைத்தானே.

விதி எழுதும்போது யோசித்தே பார்க்காத ஒன்று, திரும்பி வருகிறவன். தள்ளிவைக்கும் உரிமையைப் பயன்படுத்திய பள்ளி ஒன்றின் பையன் முதல் முகாமிலேயே கழிக்கப்பட்டு வியாழக்கிழமை வீடு திரும்பிவிட்டான். சனிக்கிழமை ஆடியிருக்க வேண்டிய ஆட்டத்தை அவனுக்காகவும் அவனுடன் போன இன்னொருவனுக்காகவும் தள்ளிவைத்திருந்தோம். எதிர்ப் பள்ளிப் பயிற்சியாளர் போனில் பிடித்துக்கொண்டார்.

“சார், பையன்தான் வந்துட்டானே. இன்னும் எதுக்குத் தள்ளிப்போடணும்? சனிக்கிழமையே ஆடிடலாம்.”

நான் அந்தப் பையனுடைய பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். “வந்துட்டான் சார், வந்ததிலேர்ந்து யார்கிட்டயும் பேச்சே இல்லை. ஷூவை இன்னும் பையிலேர்ந்தே எடுக்கலை. நீங்க ஆடச் சொன்னா ஆடுறோம்” என்றார்.

ஆடச் சொல்லவில்லை. ஒருமுறை தள்ளிவைத்த ஆட்டம் புதிய தேதியிலேயே நிற்கும் என்று அன்றே ஒரு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். பையன் மேல் பரிதாபப்பட்டதாகச் சிலர் நினைத்தார்கள். அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு நடுவர்களை வேறு ஆட்டத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, மைதானத்தையும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. யாராவது முகாமிலிருந்து திரும்பும்போதெல்லாம் அட்டவணையைத் திருப்பிப் போட்டால், ஒன்பது பள்ளிகளின் வாரம் ஒரு தேர்வாளரின் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

போட்டிவரை போய்த் திரும்புகிறவர்களுக்கு வேறு சிக்கல். சர்வதேசப் போட்டியில் கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம், ஒவ்வொன்றும் 40 நிமிடம். உலகக் கோப்பையில் ஒன்பது நாளுக்குள் ஏழு ஆட்டங்கள்கூட ஆட வேண்டியிருக்கும். வந்து இறங்கியதும் பாக்கி ஆட்டங்கள் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று கேட்டது வேறு யாருமல்ல, அவர்களுடைய பள்ளிகளே. நான் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி ஐந்து நாள் கழித்துத்தான் முதல் ஆட்டம், அதன்பின் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று குழுவில் சொல்லி வாங்கினேன். அதற்காக லீக் சுற்றுகளுக்குப் பின் வரும் அரையிறுதியை ஒரு வாரம் நகர்த்த வேண்டியிருந்தது. கணுக்கால் சுளுக்கோடு வந்து இறங்கிய பையன் ஒருவனைப் பார்த்த பிறகு அந்த வாரத்துக்காக யாரும் சண்டை போடவில்லை.

பெரியவர்களின் தேசிய அணி நமக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். 2017 நவம்பரிலிருந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகள் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலுமாக, குறிப்பிட்ட சில நாட்களுக்குள் நடக்கின்றன. நவம்பர் கடைசியும் பிப்ரவரி கடைசியும் அதில் வழக்கமாக வருபவை. பள்ளிப் பையன் அந்த அணிக்குப் போவது அபூர்வம். ஆனால் நல்ல நடுவர்களும் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதத் தெரிந்தவர்களும் அந்த வாரத்தில் கிடைக்கமாட்டார்கள். உள்ளரங்கமும் போய்விடும். அந்த இரண்டு வாரங்களிலும் நாக்அவுட் ஆட்டம் வைக்கவே கூடாது என்று காலண்டரில் முதலிலேயே கோடு போட்டுவிட்டேன்.

லீக் முடிந்தது, 45 ஆட்டங்களும் நடந்தன, வாக்ஓவர் ஒன்றும் இல்லை. அடுத்த சீசனுக்கான விதிகளைத் திருத்த உட்காரும்போது ஒரு பள்ளியிலிருந்து புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: 3x3 (பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்து) தேசிய முகாமுக்குக் கூப்பிட்டாலும் இந்த உரிமை உண்டா? அதில் அணிக்கு மொத்தமே நான்கு பேர். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேர் போவது அரிது. ஒருவனாகத்தான் போவான், எதிர்ப் பள்ளியின் சம்மதத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். 3x3-க்கு மட்டும் வரம்பை ஒன்றாகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. மூத்த பயிற்சியாளர் இப்போதே முடியாது என்று சொல்லிவிட்டார்.