மாதவிடாயோடு வரும் அடிமுதுகு வலி: எண்டோமெட்ரியோசிஸை சிங்கப்பூரில் சமாளிப்பது

முதுகு வலி என்று போனால் முதுகைத்தான் பார்ப்பார்கள். கருப்பையின் உள்பூச்சு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் காலம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுத்தால், எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வரும். வலியே இல்லாத பலருக்கும் அப்படிப் பிதுங்கியிருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதியைப் பின்னால் இடுப்பெலும்போடு பிணைக்கும் நார்ப்பட்டைகளில் இந்தத் திசு படர்வது மிகச் சாதாரணம். அங்கே அழற்சி ஏற்பட்டால் வலி வால் எலும்புக்குச் சற்று மேலே தெரியும். முதுகெலும்புக்கான எம்ஆர்ஐ அந்த இடத்தைக் குறிவைத்து எடுப்பதல்ல.

அதனால் முதல் வேலை ஒரு குறிப்பு. இரண்டு மூன்று மாதவிடாய்க்கு, தேதி, 0 முதல் 10 வரை வலி அளவு, வலிக்கும் இடம், மலம் கழிக்கும்போதும் சிறுநீர் போகும்போதும் தாம்பத்தியத்தின்போதும் வலித்ததா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று போனிலேயே எழுதி வையுங்கள். குனிந்து தூக்கினால் கூடி, முழங்காலுக்குக் கீழ் இறங்கும் வலி பெரும்பாலும் தட்டு சார்ந்தது. மாதவிடாய்க்கு முன்பே தொடங்கி அதோடு ஏறி இறங்குவது வேறு. பல வருடம் ஆனவர்களுக்குத் தினமும் வலிக்கலாம். அப்போதும் மாதவிடாய் நெருங்கும்போது கூடுகிறதா என்று பாருங்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசின் பாலிகிளினிக் வழியாகப் போவதே நல்லது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கேகே, என்யுஎச், எஸ்ஜிஎச் போன்ற அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போனால் மானியக் கட்டணம். நேரடியாகப் போனால் தனியார் கட்டணம். மருத்துவரிடம் "முதுகு வலி" என்று நிறுத்தாதீர்கள். "மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே அடிமுதுகு வலிக்கிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது, மாத்திரை போட்டும் வேலைக்குப் போக முடியவில்லை" என்று சொல்லி, குறிப்பைக் காட்டுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்யாணமாகாத பெண்களுக்கு ஒரு தயக்கம் வரும். யோனி வழியாக எடுப்பதுதான் தெளிவாகக் காட்டும், ஆனால் முன்கூட்டியே கேட்டுத்தான் செய்வார்கள். வேண்டாம் என்றால் வயிற்றின் மேல் எடுப்பார்கள், அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அம்மா கூட வந்தால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் மட்டும் வெளியே இருக்கச் சொல்லலாம். சினைப்பையில் இரத்தக் கட்டி இருந்தால் ஸ்கேன் காட்டும், மெல்லிய படிவுகளைக் காட்டாது. "ஸ்கேன் நார்மல்" என்பது நோய் இல்லை என்று அர்த்தமில்லை. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியின்படி, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்தும்வரை மருந்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வலி மாத்திரையில் பலர் தவறுவது நேரத்தில். பொன்ஸ்டான் என்கிற மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்சன் போன்றவை, வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. உருவான பிறகு போட்டால் பாதிப் பலன்தான். முதல் முணுமுணுப்பிலேயே தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாள் நேரம் தவறாமல் போட வேண்டும். மெஃபனாமிக் ஆசிட் பெரியவர்களுக்கு வழக்கமாக 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, சாப்பிட்ட பிறகு. இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இன்னொன்று, முதுகு வலிக்கு இங்கே தாராளமாகத் தரும் அனாரெக்ஸில் பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு பனடாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது.

நீண்ட நாளுக்கு டைனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் தருவது சாதாரணம். தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி இல்லாமல். முதல் சில மாதம் திட்டுத்திட்டாக இரத்தம் படும். "மருந்து ஒத்துக்கல" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதமாவது கொடுத்துப் பார்க்க வேண்டிய மருந்து இது. ஆனால் மனச்சோர்வு கூடினால் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். இதைக் கருத்தடை மாத்திரையாக நம்பவும் கூடாது.

மருந்து வேலை செய்தும் முதுகு விடாமல் வலித்தால், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைச் சந்தேகப்படுங்கள். வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுகிப்போன தசை அது. இறுகிய தசைக்கு, அதை மேலும் இறுக்கிப் பழக்கும் கீகல் பயிற்சி செய்தால் வலி கூடும். வேண்டியது தளர்த்துவது. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பட்டும், கீழே ஆசனவாய்ப் பக்கம் தளர்வதைக் கவனியுங்கள். ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. மகளிர் நலப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். உள்ளே பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கலாம், சிகிச்சை நின்றுவிடாது. மலச்சிக்கலையும் விடாதீர்கள்: இரும்புச்சத்து மாத்திரையும் டிராமடால் என்கிற கடும் வலி மாத்திரையும் அதைக் கூட்டும், முக்கும்போது அதே தசைகள்தான் இறுகும். கழிப்பறையில் காலுக்கடியில் ஒரு முக்காலி வைப்பது உதவும்.

தோல் வழியாக லேசான மின்துடிப்பு கொடுத்து வலியைத் தணிக்கும் டென்ஸ் கருவி வாங்குபவர்கள் ஒட்டுகளை அடிமுதுகின் இருபக்கமும் வைத்து, 80 முதல் 100 ஹெர்ட்ஸில், கூச்சம் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ வேண்டாம். தைலம் தேய்த்த தோலில் ஒட்டு நிற்காது. தைலத்தின் மேல் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துவிடும். பாட்டிமார் சொல்லும் வெந்தய நீரைக் குடிக்கலாம், மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

காய்ச்சலோடு வலி, மயக்கம், மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் திடீர்க் கடும் வலி, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது என்றால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

வேலையிடத்தில் மாதவிடாய் விடுப்பு என்று சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்குச் சம்பளத்தோடு 14 நாள் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். அறுவை சிகிச்சை பேச்சு இருந்தால் தேதியை இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.