வீட்டுக் கடன் கோப்பு எங்கே நின்றுவிடுகிறது?

மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், இரண்டு வருட ஃபார்ம் 16. சொந்தத் தொழில் என்றால் மூன்று வருட வருமான வரிக் கணக்கு. வீட்டுக் கடனுக்கு வருமானம் சார்ந்து பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான், சில நாட்களில் திரட்டிவிடலாம். தமிழ்நாட்டில் கடன் கோப்பு வாரக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் சொத்தின் காகிதங்களில். விண்ணப்பிப்பவர் பார்த்தேயிராத பழைய உரிமையாளர்களின் காகிதங்கள் அவை. அதனால்தான் அலைச்சல் அத்தனை கசக்கிறது.

வங்கியின் வழக்கறிஞர் சாதாரணமாக 30 ஆண்டு உரிமைத் தொடர்ச்சி கேட்பார். தாய்ப்பத்திரம் எனப்படும் பழைய மூலப் பத்திரம் தொடங்கி இன்று விற்பவர் வரை, சொத்து கை மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரங்களையெல்லாம், சொத்தின் மீதான பதிவுகளைப் பட்டியலிட்டுச் சார்பதிவகம் தரும் வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுவார். இங்கேதான் முதல் தடங்கல். இன்று 84/2பி3 என்ற சர்வே எண்ணில் இருக்கும் மனை, உட்பிரிவு ஆவதற்கு முன் 84/2 ஆகவோ வெறும் 84 ஆகவோ இருந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், பழைய காலத்துக்குப் பதிவு எதுவும் இல்லை என்றே வரும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தாலும் இதே கதைதான். பதிவே இல்லாத சான்றைக் கையில் வாங்கியவர் சொத்து சுத்தம் என்று மகிழ்ந்துபோகிறார். வழக்கறிஞரோ தாய்ப்பத்திரத்தின் பதிவு சான்றில் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கோப்பைத் திருப்புவார். பழைய எண், புதிய எண், பழைய அலுவலகம், புதிய அலுவலகம் என்று எல்லாவற்றுக்கும் போட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

வில்லங்கச் சான்று காட்டாதவையும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் வராது. நிலுவையில் உள்ள வழக்கும் வராமல் போகலாம். நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் வங்கி நகராததற்கு இதுவும் ஒரு காரணம். அசல் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம், சார்பதிவகத்தின் சான்றிட்ட நகல் எல்லாம் வேண்டியிருக்கும். இது விற்பவர் செய்ய வேண்டிய வேலை. முன்பணம் கைக்குப் போன பிறகு அவரிடம் அந்த அவசரம் இருக்காது.

அடுத்தது அளவு. பத்திரம் சதுர அடியில் பேசும், பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர், 2.23 ஏர். பட்டாவில் 2.10 ஏர் என்று இருந்தால் 140 சதுர அடி குறைகிறது. பட்டா அளவு குறைவாக இருந்தால் வங்கி அதையே கணக்கில் எடுக்க வாய்ப்பு அதிகம். நான்கு எல்லைகளையும் இப்படியே பத்திரத்துக்குப் பத்திரம் ஒத்துப் பார்க்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரின் கையெழுத்தும் கணக்கில் வரும். திருமணமாகிப் போன மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் இல்லாமல் நிற்கும் கோப்புகள் ஏராளம். மைனர் பெயரில் சொத்து இருந்தால் நீதிமன்ற அனுமதி பெறப்பட்டதா என்று கேட்பார்கள், அதைச் சுற்றிப் போக வழியில்லை. மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாதது என்றால் 20.10.2016 என்ற தேதி முக்கியம். அன்றோ அதற்கு முன்போ பத்திரப்பதிவான மனைகளுக்குத்தான் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் வழிவிட்டது.

இன்ஷியல் தொல்லை தனி. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும் ஆதாரில் ஓர் எழுத்தாகவும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருக்கும். மூன்றும் ஒரே நபர் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். கிரையப் பத்திரம் எழுதும்போதே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தால் அதுவும் தேவைப்படாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போவதை விட, பத்திர நகல்களை வாங்கி வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள். வழக்கறிஞரின் லீகல் ஒப்பினியன் பாதகமாக வந்தால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். கைப்பணத்தையும் சரியாகக் கணக்கிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பதே உச்சவரம்பு. பத்திர விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு இரண்டில் குறைந்ததையே எடுப்பது வழக்கம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக அதில் சேராது.

வங்கிகளும் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். கேள்விகளை ஒன்றொன்றாக அனுப்பாமல், கோப்பை முழுதாகப் படித்து, ஒரே கடிதத்தில், எந்தக் காகிதம் எதற்காக என்ற காரணத்தோடு கேட்கலாம். காரணம் தெரிந்தால் சரியான காகிதம் முதல் தடவையிலேயே வந்துவிடும். தெரியாதவர் கிடைத்ததையெல்லாம் கட்டிக் கொண்டு வருகிறார், அதைப் படிக்க இன்னும் இரண்டு நாள் போகிறது.

அசல்களை ஒப்படைக்கும்போது பத்திர எண், ஆண்டு, பக்க எண்ணிக்கையோடு பட்டியலிட்டு வங்கியின் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அவை திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 1.12.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் பலர் விட்டுவிடுவது, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தின் பதிவை. கடன் தொடங்கும்போது பதிவான உரிமைப் பத்திர ஒப்படைப்பு, அதாவது பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக வைத்த பதிவு, ரசீது பதியும் வரை வில்லங்கச் சான்றில் தீராத கடனாகவே நிற்கும். பதிந்த பின் ஒரு வில்லங்கச் சான்று போட்டு, இரண்டு பதிவும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சான்றையும் பத்திரக் கட்டோடு சேர்த்து வைக்கவும்.