எட்டடிக் குழாய்

இலங்கை மலைநாட்டு அப்புத்தளையில் மழை மேலிருந்து மட்டும் வராது. தென்மேற்குப் பருவக்காற்று சமவெளியிலிருந்து நேரே வந்து மலைமுகட்டில் மோதி ஏறும்போது தூறலையும் தூக்கிக்கொண்டு வரும். குடை பிடித்திருப்பவனுக்கு முதலில் முகவாய்தான் நனையும். டவர் ஏறும் தொழிலில் எனக்குப் பதினெட்டு வருடங்கள். தொலைபேசி டவர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கூலிக்குச் சேர்ந்து, ஏறி இறங்கிக் கற்ற தொழில். ஆனால் காற்று எனக்குப் பாடம் எடுத்தது ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில்.

சேருக்கு ஹாம் வானொலிப் பைத்தியம், உரிமம் பெற்று வீட்டிலிருந்தே வானொலியில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. 2004 சுனாமியின்போது தொலைபேசிகள் செத்துக் கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து ஹாம்காரர்கள் செய்தி கடத்தினார்கள் அல்லவா, அதைக் கேள்விப்பட்ட பிறகு பரீட்சை எழுதி, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியை வாங்கியவர். வானம் தெளிந்த நாளில் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெற்குக் கரைவரை தெரியும்.

அவருக்கு ஒரே டவரில் மூன்று அன்டெனாக்கள் வேண்டும். 20 மீட்டர் அலைவரிசைக்கு மூன்று எலிமென்ட் யாகி, அதாவது ஒரு தண்டில் மூன்று குறுக்குக் குழாய்கள் கொண்ட, ஒரு திசை நோக்கும் அன்டெனா. ஒவ்வொரு எலிமென்டும் ஏறத்தாழ பத்து மீட்டர் நீளம். பிறகு 2 மீட்டர் அலைவரிசைக்கு ஒன்று, 70 சென்டிமீட்டர் அலைவரிசைக்கு ஒன்று, இரண்டும் சிறியவை. “பெரியது உச்சியில் இருக்கட்டும் தம்பி, அதுதானே தூரம் போகவேண்டியது” என்றார். நானும் தலையாட்டினேன். நாற்பதடி டவர். அதன் தலையிலிருந்து இன்னும் எட்டடிக்குக் குழாய் நீட்டி, நுனியில் பெரியதைக் கட்டினேன். குழாய் நான் தேர்ந்தது. ஹார்ட்வெயார் கடையில் தண்ணீருக்கு விற்கும் ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய். நாகம் பூசியது, துருப்பிடிக்காது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு விடியற்காலை சேர் தொலைபேசியில் அழைத்தார். “வந்து பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

டவர் நின்றது. டவரை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள் நின்றன. குழாய் மட்டும், டவரின் தலையில் அதைப் பிடித்திருக்கும் பெயாரிங்கை விட்டு வெளியே வந்த இடத்திலிருந்து, குலை தள்ளிய வாழை மாதிரி கிழக்கே சாய்ந்திருந்தது. பெரிய யாகியின் ஒரு கை கீழே தேயிலையைத் தொடாத குறை.

கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் காட்டினார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த யாகி காற்றுக்குக் காட்டும் பரப்பு அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அதை ஆறேழு கிலோ பாரத்தில் தள்ளும். 100 கிலோமீட்டரில் அதுவே 25 கிலோவைத் தொடும். 25 கிலோ பெரிய பாரமில்லை, என் மகனே தூக்குவான். ஆனால் அது எட்டடி உயரத்தில் நின்று தள்ளுகிறது. ஓரடி உயரத்தில் 200 கிலோ தள்ளுவதும் அதுவும் குழாயின் அடிக்கு ஒன்றுதான். தண்ணீர்க் குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வளைவைத் தாங்கச் செய்ததில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில், காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு வாரத்தில், மறுபடி ஏறினேன். தடித்த சுவருள்ள இரும்புக் குழாய் போட்டோம். பெரிய யாகி பெயாரிங்குக்கு மேலே ஓரடியில். நாலடி மேலே 2 மீட்டர் அன்டெனா. நுனியில் 70 சென்டிமீட்டர் அன்டெனா. குழாயைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டரை டவருக்கு உள்ளே இறக்கிவைத்தேன். இப்போது சாய்க்கும் விசையை டவரின் தலை வாங்கிக்கொள்கிறது, ரொட்டேட்டருக்குத் திருப்புவது மட்டும்தான் வேலை.

அதோடு டவரில் பத்தடியைக் கழற்றிவிட்டேன். சேர் முகம் சுருங்கியது. ஆனால் வீட்டுக்குத் தெற்கே நிலம் பல நூறு மீட்டர் சரிந்து விழுகிறது. அலை தாழ்ந்த கோணத்தில் புறப்படத்தானே சமதரைக்காரர்கள் உயரமாகக் கட்டுகிறார்கள்? அந்த உயரத்தை மலை இவருக்குச் சும்மா கொடுத்துவிட்டது. அதற்கு மேல் பத்தடி போட்டால் அதன் பலன் காற்றுக்குத்தான்.

ஸ்டே கம்பிகளையும் ஒருமுறை பார்த்தேன். மடக்கிய கம்பியை இறுக்கும் கிளிப் போடுவதில் பழைய ஆட்களே தவறுவார்கள். யூ போல்ட்டின் வளைவு கம்பியின் வெட்டிய வால்மீது இருக்கவேண்டும். தட்டையான அடி பாரம் தாங்கும் கம்பியின்மீது. மாற்றிப் போட்டால் போல்ட் கடித்துக் கடித்தே கம்பியைப் பலவீனமாக்கும். ஆறில் ஒன்று மாறியிருந்தது. யார் போட்டது என்று சேர் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

புயல் கூட ஒரு வகையில் நேர்மையானது, வருகிறது என்று தெரியும். எனக்குப் பயம் மெல்லிய, சீரான காற்று. அன்று இரவு அங்கேயே தங்கினேன். நடுச்சாமத்தில் தும்பி அறைக்குள் புகுந்தது போல ஒரு ரீங்காரம். வெளியே வந்து டவரின் காலில் உள்ளங்கையை வைத்தேன், இரும்பு கிசுகிசுத்தது. அலுமினியக் குழாய்கள் அந்த மெல்லிய காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் இப்படி நடுங்கினால், ஒரு கிளைகூட ஆடாத நாளில், பொருத்திய இடத்தில் முறிந்து விழும். காலையில் யாகியை இறக்கி, எலிமென்ட் ஒவ்வொன்றின் உள்ளேயும் நைலான் கயிறு ஒன்றைத் தளர்வாகச் செருகி முனையை அடைத்தேன். கயிறு உள்ளே உரசி அதிர்வைத் தின்றுவிடும். அன்றிரவு சத்தமில்லை.

வளைந்த குழாயைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றேன். சேர் போடவில்லை. சவ்சவ் பந்தலுக்குக் காலாக நட்டிருக்கிறார். வாசலுக்கு நேரே, நான் வரும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில்.